சம்பந்தி தள்ளிய கார்

ஞானசம்பந்தம் காரில் ஏறியதும் முதலில் செருப்பைக் கழற்றி ஓரமாக வைப்பார். பிறகு இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். சாவியைத் திருப்புவார். எஞ்சினைக் கிளப்புகிற செல்ஃப் குமிழைப் பிடித்துக்கொண்டு, இழுப்பதற்கு முன்னால், நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி "ட்ளக்" என்று ஒரு சத்தம் கொடுப்பார். வில்வண்டி ஓட்டிய காலத்தில் மாட்டுக்குக் கொடுத்த சத்தம் அது. மாடு போய் மோட்டார் வந்து வெகுநாளாகிறது, சத்தம் போகவில்லை. எஞ்சின் பிடித்துக்கொண்டால் "போவுது" என்பார். பிடிக்காவிட்டால் வண்டியைத் திட்ட மாட்டார். பின்சீட்டில் இருப்பவர்களைத் திரும்பிப் பார்ப்பார். அவர்கள்தான் ஏதோ செய்துவிட்டார்கள் என்பதுபோல் இருக்கும் அந்தப் பார்வை.

தென்காசி ரயிலடியிலிருந்து குற்றாலம் வரை சீசனில் வாடகைக்கு ஓடுகிற கார்களில் அவருடையது ஒன்று. கறுப்பு நிறம். மலைமேல் தேயிலைத் தோட்டம் வைத்திருந்த வெள்ளைக்காரர் ஒருவர் கப்பலேறும்போது விற்றுவிட்டுப் போன சீமைக் கார். ஞானசம்பந்தத்துக்கு மேலகரத்தில் வீடு. நாலு முழ வேட்டி, அதன் மேல் காக்கிச் சட்டை. காக்கி போடாதவன் டிரைவர் இல்லை, வேட்டி கட்டாதவன் மனுஷன் இல்லை என்பது அவர் கட்சி. வலது மணிக்கட்டு லேசாகக் கோணியிருக்கும். முன்னால் நின்று ஹேண்டில் போட்டு எஞ்சினைச் சுற்றியபோது அது எதிர்த்துத் திரும்பி அடித்த அடி. அன்றைக்கே ஹேண்டிலைக் கொண்டுபோய் வீட்டுப் பரணில் போட்டவர் பிறகு அதைத் தொடவில்லை. ஆகவே செல்ஃப் பிடிக்காவிட்டால் அவருக்கு இருக்கிற ஒரே வழி, ஏறியவர்களை இறக்கித் தள்ளச் சொல்வது.

தென்காசி மொட்டைக் கோபுரத்துக்குக் கொஞ்சம் தள்ளி அகமது கபீரின் ஒர்க்‌ஷாப். அங்கே எஞ்சின் வேலை கபீருக்கு. பாட்டரி, வயர், விளக்கு வேலை எனக்கு. ஞானசம்பந்தத்தின் காரைப் போல் சுத்தமான கார் எங்களிடம் வேறெதுவும் வராது. மற்றவர்கள் சேறும் சாணியுமாக ஓட்டி வந்து நிறுத்துவார்கள். இவர் வீட்டில் வைத்துக் கழுவி, துடைத்து, மூக்கில் சந்தனமும் குங்குமமும் இட்டு, தோல் சீட்டுக்குத் தேங்காயெண்ணெய் தடவிக் கொண்டுவருவார். ரிப்பேருக்கு வந்திருக்கிறதா, பெண் பார்க்க வந்திருக்கிறதா என்று கபீர் கேட்பார்.

"டாக்டர்ட்ட போறவன் அழுக்கு வேட்டியோடவா போவான்?" என்பது அவர் பதில்.

போன ஆனி மாதம் முழுவதும் அவர் கொண்டுவந்த முறையீடு ஒன்றுதான்.

"வண்டி சில நேரம் கெளம்ப மாட்டேங்குதுவே."

"எந்த நேரம், அண்ணாச்சி?"

"கெளம்பாத நேரந்தான்."

"எஞ்சின் சூடா இருக்கும்போதா, ஆறின பெறகா?"

"அதுக்கென்ன காய்ச்சலா, நான் தொட்டுத் தொட்டுப் பாத்துக்கிட்டு இருக்க?"

"செல்ஃபை இழுக்கையில எஞ்சின் கொஞ்சமாவது சுத்துதா, சுத்தவே இல்லையா?"

"சுத்தினா கெளம்பியிருக்குமே."

"சரி. அந்த நேரத்துல ஆரன் அடிச்சா கேக்குதா?"

அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "கெளம்பாத வண்டிக்கு ஆரன் எதுக்குவே? குறுக்க எவன் நிக்கான், வெலகச் சொல்ல?"

கார் கிளம்பாததற்கு நூறு காரணம் இருக்கலாம். ஆனால் ஆரன் கேட்கிறதா என்ற ஒரு கேள்விக்கு நேரான பதில் கிடைத்தால் பாதியைத் தள்ளிவிடலாம். கேட்டால் கோளாறு செல்ஃப் மோட்டார்ப் பக்கம். அதுவும் ஊமையாக இருந்தால் பாட்டரியிலிருந்து மின்சாரமே வந்து சேரவில்லை. இதை அவருக்குப் பொறுமையாகச் சொன்னேன். அடுத்த தடவை கிளம்பாமல் நின்றால் வேறெதுவும் செய்வதற்கு முன்னால் ஆரனை அழுத்திப் பாருங்கள் என்றேன். தலையை ஆட்டினார். நாலு நாள் கழித்து வந்தார்.

"நின்னுச்சுவே."

"ஆரன் அடிச்சீங்களா?"

"அடிக்காம இருப்பேனா? எல்லாரும் எறங்கித் தள்ளினாங்க. ஓடிச்சு. ஓடிக்கிட்டிருக்கும்போது அடிச்சேன். கணீர்னு கேட்டுது."

கபீர் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு வெளியே போனார்.

எங்கள் முன்னால் அந்தக் கார் ஒரு தடவைகூட நிற்கவில்லை. அதுதான் பெரிய தொல்லை. காலையில் இழுத்தால் பிடிக்கும். எஞ்சின் கொதிக்கிறவரை ஓட்டி நிறுத்தி இழுத்தாலும் பிடிக்கும். கபீர் பிளக்குகளைக் கழற்றித் துடைத்தார். செல்ஃப் மோட்டாரை இறக்கிப் பிரித்துப் பார்த்தார். அந்தக் காரில் பாட்டரி இருப்பது பின்சீட்டின் இடதுபக்கத்துக்கு அடியில், ஒரு தகரப் பள்ளத்தில். அதன் மேல் கனத்த பலகை மூடி. நான் சீட்டைத் தூக்கி, மூடியை எடுத்து, ஆசிட் பார்த்தேன். முனைகளைச் சுரண்டிப் பளிச்சென்று ஆக்கி இறுக்கினேன். ஒரு குறையும் இல்லை. மூடியைப் போட்டு, சீட்டை வைத்து இழுத்தால், தொட்டவுடன் பிடித்தது.

"உங்க வண்டிக்கு ஒரு நோவும் இல்ல, அண்ணாச்சி. உங்களுக்குத்தான் இருக்கு" என்றார் கபீர்.

"நோவு இல்லாத வண்டியையா ஊரே தள்ளுது? இங்கன வந்தா நல்ல பிள்ளையாட்டம் நடிக்குது. உங்க ரெண்டு பேரையும் பாத்துப் பயப்படுது."

நாங்கள் தேடியது போதாதென்று அவரும் தனியாக வைத்தியம் பார்த்தார். எலுமிச்சம்பழம் கட்டினார். பெட்ரோல் போடும் இடத்தை மாற்றினார். காரை மேற்குப் பார்த்து நிறுத்துவதை விட்டார். எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்வார். மறுநாள் கார் கிளம்பினால் எதனால் கிளம்பியது என்று தெரியாது. கிளம்பாவிட்டால் எது பலிக்கவில்லை என்றும் தெரியாது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள் என்று நான் சொன்னதற்கு, "அம்புட்டு நேரம் யாருக்குவே இருக்கு, சீசன் நேரத்துல?" என்றார்.

இந்த நிலையில்தான் அவருடைய அக்காள் மங்களேஸ்வரியின் இளைய மகள் உலகம்மைக்குக் கடையத்தில் மாப்பிள்ளை நிச்சயமாயிற்று. அக்காள் வீடு இலஞ்சியில். நிச்சயதார்த்தத்துக்கு வந்த சம்பந்தி வீட்டாரை அருவியில் குளிக்கவைத்து அனுப்புவது இந்தப் பக்கத்து மரியாதை. சீசனில் வந்த விருந்தாளிக்குக் குற்றாலம் காட்டாமல் அனுப்பினால் இலை போடாமல் அனுப்பியதற்குச் சமம். ஞானசம்பந்தம் தம்முடைய காரிலேயே அவர்களை ஐந்தருவிக்கு அழைத்துப் போனார். சம்பந்தி ஆஜானுபாகு. உச்சி முதல் உள்ளங்கால் வரை எண்ணெய் தேய்த்து, அருவியில் ஆசைதீர நின்று, மனம் குளிர்ந்து வந்து பின்சீட்டின் இடதுபக்கம் உட்கார்ந்தார். செல்ஃபை இழுத்தால் சத்தமே இல்லை. ஞானசம்பந்தம் திரும்பிப் பார்த்தார். பிறகு, தாம் எப்போதும் சொல்கிறதைச் சொன்னார்.

சரிகைக்கரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, இறக்கத்தில் நின்ற பழக்கடைக்காரர்கள் எல்லாரும் பார்க்க, சம்பந்தி காரைத் தள்ளினார். அக்காள் புருஷன் முத்துக்குமாரசாமி கூடச் சேர்ந்து தள்ளினார். கார் ஓடியது. கார் இலஞ்சிக்குப் போய்ச் சேர்வதற்கு முன்னால் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது.

முத்துக்குமாரசாமி அதிகம் பேசுகிறவர் இல்லை. அன்று ஒரே வரிதான் சொன்னாராம்: "கல்யாணத்துக்கு வேற கார் பேசியாச்சு."

இது சின்ன விஷயமில்லை. அந்தக் குடும்பத்தில் மாப்பிள்ளையைக் கோயிலுக்குக் கொண்டுவருவது பெண்ணின் தாய்மாமன் வண்டி. மூத்த பெண்ணுக்கு இவர்தான் வில்வண்டியில் கொண்டுவந்தார். வண்டியில் ஏறின மாப்பிள்ளை கோயில் வாசலில்தான் இறங்க வேண்டும். நடுவழியில் காலைத் தரையில் வைக்கக் கூடாது. "சம்பந்தி எறங்கினாரு, பொறுத்துக்கிட்டாரு. மாப்பிள்ளையை எறக்கித் தள்ளச் சொல்லுவியா?" என்று கேட்டார் அத்தான்.

அதைச் சொல்ல ஞானசம்பந்தம் ஒர்க்‌ஷாப்புக்குப் பஸ்ஸில் வந்தார். அப்படி அவர் வந்து நாங்கள் பார்த்ததில்லை.

"மூத்தவளுக்கு மாட்டை வச்சுக் கொண்டாந்தேன். சின்னவளுக்கு மோட்டாரை வச்சுக்கிட்டு, பந்தல்ல கைய கெட்டி உக்காந்திருக்கவா?" என்றார். பிறகு, "வண்டிய இங்கன கொண்டாந்தா வேஷம் போடுது. நீரு அங்கன வாரும்வே" என்றார்.

போனேன். பேரருவிக்குப் போகிற வழியில் கார்கள் நிற்கிற இடம். சாரல் விழுந்துகொண்டிருந்தது. இரண்டு தடவை தேடியும் அவர் காரை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. நான் அறிந்த கார் சந்தனப்பொட்டு வைத்துப் பளபளவென்று இருப்பது. இங்கே நின்றதற்கு முழங்கால் வரை சேறு. பின்கதவு திறந்து கிடந்தது. உள்ளே தோல் சீட்டைக் காணோம். அதன் இடத்தில் ஒரு மரச்சட்டம். சட்டத்தில் தென்னங்கயிறு பின்னிய பின்னல், கட்டிலில் பின்னியிருப்பதுபோல.

"இது என்ன, அண்ணாச்சி?"

"சீசன் சீட்டு." அவர் சாதாரணமாகச் சொன்னார். "எண்ணெயும் தண்ணியுமா வந்து ஏறுதானுவ. தோலு என்னத்துக்கு ஆவும்? இதுன்னா தண்ணி கீழ வடிஞ்சு போயிரும். சாரல் கண்டா மாட்டுவேன், சாரல் விட்டா கழட்டிருவேன்."

"எங்ககிட்ட ஒரு தடவைகூட இதோட வரலையே."

"சே. கட்டில் கெட்டின வண்டியையா ஒர்க்‌ஷாப்புல கொண்டு நிறுத்துவேன்? ஒருநா ரயிலடிக்கு இதோட போனதுக்கே பிரசவ ஆஸ்பத்திரி வண்டின்னு கேலி பண்ணுதானுவ. மேலகரத்துல நிறுத்தி, தோல் சீட்ட மாட்டிட்டுத்தான் உங்ககிட்ட வருவேன்."

"பாட்டரி மேல பலகை மூடி இருக்குமே?"

"அது இருந்தா சட்டம் சமமா உக்காராது. அதுவும் வீட்டுல பத்திரமா இருக்கு. உங்ககிட்ட வரும்போது மறக்காம அதையும் மாட்டிருவேன்." பாராட்டுக்குக் காத்திருப்பவர்போல் என்னைப் பார்த்தார்.

நான் பின்னால் இடதுபக்கம் ஏறி உட்கார்ந்து, இழுக்கச் சொன்னேன். "ட்ளக்" என்றார். இழுத்தார். ஒன்றுமில்லை. ஆரனை அழுத்தச் சொன்னேன். அதுவும் ஊமை. இறங்கி நின்றுகொண்டு மறுபடி இழுக்கச் சொன்னேன். எஞ்சின் பிடித்துக்கொண்டது. நிறுத்தச் சொல்லிவிட்டு ஏறினேன், ஒன்றுமில்லை. இறங்கினேன், பிடித்தது.

ஞானசம்பந்தம் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏம்வே, ஒம்ம ராசி அப்படியா?"

அதோடு விடவில்லை. பக்கத்தில் மங்குஸ்தான் பழம் விற்றுக்கொண்டிருந்த சந்தனமாரியைக் கூப்பிட்டார். நல்ல கனத்த உடம்பு அவளுக்கு.

"ஏட்டி, இங்கன வந்து ஏறி உக்காரு."

"எங்க கூட்டிட்டுப் போவப் போறீரு?"

"எங்கயும் இல்ல. சும்மா உக்காரு."

"சும்மா உக்காரதுக்கு உம்ம வண்டி எதுக்கு? அதுக்கு என் சாக்குலயே உக்காந்துக்கிடுவேனே" என்று சொல்லிக்கொண்டே ஏறினாள். இழுத்தார். ஒன்றுமில்லை. அவள் இறங்கினாள். பிடித்தது.

"அப்போ கனத்த ஆளுவ இந்த வண்டிக்கு ஒத்துக்கிடல" என்று முடிவு சொன்னார் ஞானசம்பந்தம். "இனிமே ஒல்லி ஆளாப் பாத்து ஏத்த வேண்டியதுதான்."

"தள்ளும்போது மட்டும் கனத்த ஆளு வேணுமாக்கும்" என்று கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள் அவள்.

சட்டத்தைத் தூக்கிப் பார்த்தேன். கயிறு தொய்ந்து, ஆள் உட்கார்ந்தால் நேராகப் பாட்டரியில் போய் இடிக்கிற இடத்தில் இருந்தது. பாட்டரி முனையிலிருந்து செல்ஃபுக்கும், அங்கிருந்து ஆரன் முதலான மற்றவற்றுக்கும் மின்சாரம் கொண்டுபோகிற கனத்த வயர் அங்கேதான் வளைகிறது. மேலுறை முழுசாக இருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. உறையைக் கீறினேன். உள்ளே செம்பு இழைகள் அநேகமாக எல்லாம் அறுந்திருந்தன. ஆள் உட்கார்ந்து அழுத்தினால் அறுந்த முனைகள் விலகும். எழுந்தால் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும். எங்களிடம் வரும்போது மூடி இருந்ததால் அழுத்த எதுவும் இல்லை. பின்னால் ஆளும் இல்லை. எஞ்சின் ஒருதரம் ஓட ஆரம்பித்துவிட்டால் டைனமோவே மின்சாரம் கொடுக்கும், பிறகு யார் ஏறி உட்கார்ந்தாலும் கார் நிற்காது. சட்டத்தில் கயிற்றுக்குப் பதில் இரும்புக் கம்பி பின்னியிருந்தால், அது பாட்டரி முனைகளில் பட்டுப் பொறி பறந்து, சம்பந்தி தள்ளியிருக்க மாட்டார், தீயை அணைத்துக்கொண்டிருப்பார்.

இதையெல்லாம் அவருக்கு விளக்கினேன். கவனமாகக் கேட்டார். அந்த ஆனி மாதத்தில் அவர் கவனமாகக் கேட்டது அதுதான்.

"அப்போ, தள்ளினா எப்படி ஓடிச்சு?"

"தள்ளினதால ஓடல, அண்ணாச்சி. தள்ளுறதுக்காக எல்லாரும் இறங்கினாங்களே, அதனால. இறங்கினதும் நீங்க ஒரு தடவை செல்ஃபை இழுத்திருந்தா போதும். தள்ளவே வேண்டியதில்ல."

"சம்பந்தி எறங்கினாரே, அதுவே போதுமாக்கும்?"

"போதும்."

"தள்ளினது?"

"சும்மா."

காரின் படியில் உட்கார்ந்துவிட்டார். சாரல் அவர் தலையில் விழுந்துகொண்டிருந்தது. "இத யாருட்டயும் சொல்லிராதேயும்வே" என்றார்.

புது வயர் போட்டுக் கொடுத்தேன். கயிற்றுச் சீட்டை விட முடியாது என்று பிடிவாதம் பிடித்ததால், அடியில் கட்டை கொடுத்துச் சட்டத்தை உயர்த்தி, மூடியையும் போடவைத்தேன். அதற்குப் பிறகு கார் நிற்கவில்லை. ஆனால் அவர் தினம் வந்து நின்றார். "இன்னைக்கும் நிக்கலவே" என்பார், ஏதோ குறை சொல்கிற குரலில். "நல்லதுதானே" என்றால், "இல்ல, நின்னாலாவது நிக்குதுன்னு தெரியும்" என்பார். கபீர் அவர் வருகிற நேரம் பார்த்துத் தொழப் போய்விடுவார்.

அக்காள் அழுது பிடிவாதம் செய்ததில், தாய்மாமன் காரிலேயே மாப்பிள்ளை வரட்டும் என்று முத்துக்குமாரசாமி இறங்கிவந்தார். ஒரு நிபந்தனையோடு: பேசின கார் பேசினதுதான், அதுவும் காலியாகப் பின்னாலேயே வரும். ஞானசம்பந்தத்துக்குச் சோறு இறங்கவில்லை. "பந்தியில உக்கார வச்சு, வாந்தி எடுத்தா எடுக்கட்டும்னு பக்கத்துல சட்டியும் வச்ச மாதிரி இருக்கு" என்றார்.

கல்யாணத்தன்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார். "நின்னா நான் ஒம்மைத்தான் கேப்பேன். கேக்குததுக்கு நீரு பக்கத்துல இருக்கணும்லா."

கடையத்திலிருந்து மாப்பிள்ளை ரயிலில் வந்து தென்காசியில் இறங்கினார். தோல் சீட்டு, பூமாலை, சந்தனப்பொட்டு. கார் ஒர்க்‌ஷாப்புக்கு வருகிற கோலத்தில் இருந்தது. பின்னால் அந்தக் காலிக் கார். வழியில் ஒன்றும் நடக்கவில்லை. இலஞ்சிக் கோயில் வாசலில் மேளம் முழங்க மாப்பிள்ளை இறங்கினார். எல்லாரும் உள்ளே போனார்கள். ஞானசம்பந்தம் எஞ்சினை நிறுத்தவில்லை.

"நிறுத்துங்க, அண்ணாச்சி. சும்மா நின்னு ஓடினா சூடேறும்."

"ஏறட்டும்."

"புது வயர் போட்டிருக்கேன். நான் சொல்றேன்லா."

"நீரு சொல்லுதீரு. அது சொல்லலையே."

தாய்மாமனைக் கூப்பிட உள்ளேயிருந்து ஆள்மேல் ஆள் வந்தது. கடைசியில் அக்காளே வாசலுக்கு வந்து நின்றாள். ஞானசம்பந்தம் இறங்கி, என்னைப் பிடித்து ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்காரவைத்தார். "காலை எடுத்திராதேயும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். ஆகவே உலகம்மையின் கல்யாணத்தை நான் பார்க்கவில்லை. எஞ்சின் உறுமலுக்கு நடுவே கெட்டிமேளம் கேட்டது. என் கையில் அட்சதை கொடுக்கவும் ஆள் இல்லை. முன்னால் ரேடியேட்டர் மூடியிலிருந்து மெல்ல ஆவி வர ஆரம்பித்திருந்தது.

பெண்ணும் மாப்பிள்ளையும் வெளியே வந்தார்கள். பின்சீட்டில் ஏறினார்கள். அவர்களுக்குப் பக்கத்தில், இடதுபக்கம், சம்பந்தி ஏறினார். சீட்டு ஒருதரம் முனகியது. நான் இறங்கிக்கொண்டேன். முன்சீட்டுக்கு முத்துக்குமாரசாமி வந்தார். ஏறுவதற்கு முன்னால், பின்னால் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு காத்திருந்த காலிக் காரை ஒருதரம் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை ஞானசம்பந்தம் பார்த்துவிட்டார்.

அவர் உட்கார்ந்தார். சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினார்.

காலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்த சத்தம் அடங்கியதும் வாசலில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மேளக்காரர் கையை நிறுத்தினார். எனக்கு ஞானசம்பந்தத்தை அந்த இடத்திலேயே அடிக்கலாம்போல் இருந்தது. அவர் செல்ஃபைத் தொடவில்லை. சாவியை மறுபடி திருப்பி வைத்தார். பிறகு இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, முழங்காலைக் கதவுப் பக்கம் ஒதுக்கி, அத்தானே இழுத்துப் பார்க்கட்டும் என்பதுபோல், அவருக்குச் செல்ஃப் குமிழ் எட்டுகிற மாதிரி நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.